கருவி கடைசியில் வரட்டும்

“டீச்சர், பாப்பாவுக்கு ஒரு டேப் வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லா இருக்கும்?” பள்ளி திறக்கும் நேரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். பேசுபவர் எங்கேயோ ஒரு வீடியோ பார்த்திருப்பார். கை கால் வராத ஒரு பிள்ளை கண்ணாலேயே திரையைப் பார்க்க, திரை அதற்காகப் பேசும். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவோ மாமாவோ வாங்கி அனுப்பத் தயாராக இருப்பார். நான் திருப்பிக் கேட்பேன்: “பாப்பா எதுல உட்கார்ந்து சாப்பிடுது?” டேப்பைப் பற்றிக் கேட்டால் இவர் சோற்றைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிலருக்கு எரிச்சல் வரும். நியாயம்தான்.

கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு எந்த உதவி உபகரணம் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. மூளை முடக்குவாதம், பேச்சு கிடையாது, கை சொன்னபடி கேட்காது, பார்வையில் சந்தேகம், வலிப்புக்கு மாத்திரை. இவை எல்லாம் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருக்கும். வட்டார வள மையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ‘வீட்டுவழிக் கல்வி’ என்று எழுதியிருக்கும். பெயர் பள்ளியில், பிள்ளை வீட்டில். இந்தப் பிள்ளைகளுக்கான உபகரண மதிப்பீடு நம் ஊரில் எப்படி நடக்கிறது, எப்படி நடந்தால் உருப்படும் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் முகாம். ‘மருத்துவ மதிப்பீட்டு முகாம்’ என்று சுற்றறிக்கை வரும். பள்ளி வளாகத்தில் வரிசையாக மேசைகள். எலும்பு மருத்துவர், கண், காது மூக்கு தொண்டை, மனநலம் என்று ஆளுக்கொரு மேசை. சான்றிதழ், யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேலைகள் அங்கேயே நடக்கும். ஒரு மூலையில் உபகரணத்துக்கு அளவெடுப்பார்கள். கான்பூரில் 1972-இல் தொடங்கப்பட்ட அலிம்கோ என்ற பொதுத்துறை நிறுவனம்தான் இந்தச் சக்கர நாற்காலிகளையும், மூளை முடக்குவாதப் பிள்ளைகளை உட்கார வைக்கும் சி.பி. சேர்களையும் பெருமளவில் செய்து அனுப்புகிறது. பள்ளிப் பிள்ளைகள் என்றால் செலவில் 60 சதவீதம் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. என்ற உபகரண உதவித் திட்டத்திலிருந்தும் மீதி 40 சதவீதம் பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்தும் வரும்.

முகாமைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அது இல்லையென்றால் பல வீடுகளுக்கு ஒரு நாற்காலிகூட வந்திருக்காது. ஆனால் அங்கே எல்லா மேசையும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குறைபாடு 40 சதவீதம் இருக்கிறதா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பல சலுகைகளுக்கு அதுதான் வாசல். அதனால் முகாம் குறையை அளக்கிறது. இடது முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்கும் என்ற தகவலுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. எனக்கோ அந்த முழங்கால்தான் வேண்டும்.

அறிவுத்திறன் பார்க்கும் மேசையில் நடப்பது இன்னும் சிக்கல். நம் நாட்டில் அதிகம் புழங்குவது வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். அமெரிக்காவில் எட்கர் டால் 1930-களில் உருவாக்கியது. நாக்பூரில் மாலின் அதை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றினார். பிள்ளை அன்றாடம் என்ன செய்கிறது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுவார்கள். தானாக எடுத்துத் தண்ணீர் குடிக்குமா, சட்டை போடுமா, நடக்குமா? விரலே விரியாத பிள்ளைக்கு இவற்றுக்கெல்லாம் ‘இல்லை’தான் விழும். கூட்டிப் பார்த்தால், பத்து வயதுப் பெண்ணுக்குச் சமூக வயது சில மாதங்கள் என்று வந்து நிற்கும். அந்த எண் காகிதத்தில் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் அவளுக்கு ‘அ’ எழுதிக் காட்ட மாட்டார்கள். கையை அளந்து எடுத்த எண்ணை மூளையின் மேல் ஒட்டிவிடுகிறோம்.

பேச்சுக்கு மாற்றுவழி தேடும் துறையிலேயே இந்தப் பழக்கம் நெடுநாள் இருந்தது. இன்னின்ன அறிவு வளர்ச்சி வந்த பிறகுதான் படத்தைக் காட்டிப் பேச உதவும் படப்பலகை, அதுவரை காத்திரு என்பார்கள். 1988-இல் கங்காஸ், லாயிட் என்ற இருவர், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அந்த எண்ணத்தையே கேள்வி கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். அதற்கும் நான்கு ஆண்டுகள் முன்பு ஆன் டானலன் என்ற ஆய்வாளர் சொன்னதுதான் எனக்கு இன்னும் நெருக்கம். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு புரிகிறது என்று உறுதியாகத் தெரியாதபோது, எந்த ஊகம் தப்பாகிப்போனால் பிள்ளைக்குக் குறைந்த கேடு வருமோ அதை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றார். புரியும் என்று நினைத்துக் கதை சொல்லி, அவளுக்குப் புரியாமல் போனால் கொஞ்ச நேரம் வீண். புரியாது என்று விட்டுவிட்டு, எல்லாம் புரிந்திருந்தால்?

சட்டத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம். அமெரிக்காவின் மாற்றுத்திறன் மாணவர் கல்விச் சட்டம் உபகரணச் சேவை என்பதை வரையறுக்கும்போது முதலில் வைப்பதே மதிப்பீட்டைத்தான். அதுவும் பிள்ளை வழக்கமாகப் புழங்கும் இடத்தில் வைத்துப் பார்ப்பதைச் சேர்த்துத்தான். நம் 2016 சட்டத்தின் 17-ஆம் பிரிவு, 18 வயது வரை உபகரணங்களை இலவசமாகத் தரச் சொல்கிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் எதைத் தருவது, எங்கே வைத்துப் பார்த்து முடிவு செய்வது என்ற பேச்சு அந்த வரியில் கிடையாது. அதனால் தேதி போட்டுப் பொருள் வழங்கி, போட்டோ எடுத்து முடித்துவிட முடிகிறது.

மதிப்பீட்டுக்கு வழிமுறைகள் நிறைய உண்டு. நான் கையில் வைத்திருப்பது ஜாய் ஜபாலா 1990-களில் வகுத்த ஒரு எளிய வரிசை. முதலில் மாணவர். அடுத்து அவர் இருக்கும் சூழல். மூன்றாவது, அந்தச் சூழலில் அவர் செய்ய வேண்டிய காரியங்கள். நான்காவதாகத்தான் கருவி. எனக்கு வரும் போன்கள் எல்லாம் நான்கிலிருந்து தொடங்குகின்றன. முகாமும் நான்கிலிருந்துதான் தொடங்குகிறது. ஒன்றுக்குத் திரும்பிப் போவதுதான் என் வேலையே.

அந்த ஒன்று என்பது, என்னைப் பொறுத்தவரை, உட்காருவது.

இடுப்பு நிலையாக இல்லாத பிள்ளையிடம் கையைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ ஒன்றும் சொல்ல முடியாது. விழாமல் இருப்பதற்கே உடம்பின் பலம் முழுக்கப் போய்விடும். ஓடும் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்வதைப் போலத்தான் அது. சி.பி. சேர் வீட்டில் இருக்கும், ஆனால் துணி காயப்போடும் ஸ்டாண்டாக. காரணம் கேட்டால், “உட்கார வச்சா வழுக்கி வழுக்கிக் கீழ வந்துடறான் டீச்சர்” என்பார்கள். போய்ப் பார்த்தால், இருக்கைப் பலகையின் ஆழம் தொடையைவிட நீளமாக இருக்கும். முதுகு சாய வேண்டும் என்றால் இடுப்பு முன்னே சறுக்கியே ஆக வேண்டும். பெல்ட் நெஞ்சைச் சுற்றிப் போட்டிருக்கும். அது இருக்க வேண்டிய இடம் இடுப்பின் மடிப்பு; இருக்கைக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வில் பின்னோக்கி இழுக்க வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கும். இவற்றைச் சரிசெய்யப் புது நாற்காலி வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு ஃபோம் துண்டு, காலுக்குக் கீழே மரக்கட்டை, தொடைகளுக்கு நடுவே சுருட்டிய துண்டு. தச்சரும் தையல்காரரும் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். உட்காரும் நிலை சரியானதும் சில பிள்ளைகளின் தலை தானாக நிமிரும். பார்வை சரியில்லை என்று எழுதப்பட்ட சிலர் அதன்பிறகு எதிரே இருப்பவரைப் பார்ப்பார்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கைக்குழந்தையின் தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை நீளும், மறுபக்கத்துக் கை மடங்கும். சாதாரணமாகச் சில மாதங்களில் மறையும் இந்த அனிச்சைச் செயல் மூளை முடக்குவாதத்தில் பல வருடம் தங்கிவிடலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வலது பக்கம் படத்தை வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே இடது கையால் எடு என்றால் நடக்காது. பார்க்கத் திரும்பும்போதே கை மடங்கிவிடும். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். படத்தை நடுவில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

உட்கார்ந்தாயிற்று. அடுத்து ‘ஆமாம்’, ‘இல்லை’.

இந்தப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லாருமே ஏற்கெனவே எதையோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நமக்குத்தான் அது பேச்சாகத் தெரிவதில்லை. சாரிட்டி ரோலண்ட் உருவாக்கிய தொடர்புத்திறன் அட்டவணை ஒன்றை நான் பயன்படுத்துகிறேன். அது ஏழு நிலைகளாகப் பிரித்தது. பசித்தால் உடம்பை முறுக்குவது போன்ற, நோக்கமில்லாத அசைவே முதல் நிலை. வார்த்தைகளைச் சேர்த்துப் பேசுவது ஏழாவது. யாருக்கும் பூஜ்யம் விழாது என்பதால்தான் எனக்கு அதைப் பிடிக்கும். அதை நிரப்புவதற்குத் தகவல் தருபவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அம்மாவைவிடப் பாட்டிகள் கெட்டிக்காரர்கள் என்பது என் அபிப்பிராயம். “வேணாம்னா கண்ணை இறுக்கி மூடிக்குவான், அதுகூடத் தெரியலையா உங்களுக்கு?” என்று ஒரு பாட்டி என்னை அதட்டியிருக்கிறார். மற்றவர்கள் அதை வலிப்பின் சாயல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டி சொல்லிவிட்டார் என்பதற்காக அப்படியே எழுதிவிடவும் முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டும். அவனுக்குப் பிடித்த தயிர்சாதத்தையும் பிடிக்காத மருந்தையும் மாற்றி மாற்றிக் காட்டுவேன். பிறகு கேள்வியைத் திருப்பிப் போடுவேன். “இது அக்காவா?” என்று அக்காவைக் காட்டியும் கேட்பேன், அண்ணனைக் காட்டியும் கேட்பேன். எல்லாவற்றுக்கும் சிரித்தால் அது ‘ஆமாம்’ இல்லை. ஆள் கிடைத்த சந்தோஷம், அவ்வளவுதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது ரொம்ப முக்கியம். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போய்ச் சேரவே சிலருக்குப் பல வினாடிகள் ஆகும். நாமோ அதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டு, தோளைத் தட்டி, “சொல்லு கண்ணு” என்று கொஞ்சிவிடுவோம். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூட்டமான முகாமில் இந்தக் காத்திருப்புக்கு வழியே இல்லை. முகாமில் நடக்கும் மதிப்பீட்டை நான் நம்பாததற்கு முதல் காரணம் இதுதான்.

நம்பகமான ஒரு ‘ஆமாம்’ கிடைத்துவிட்டால், ஒரு பைசா செலவில்லாமல் நிறையச் செய்யலாம். அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார்: “வெளிய போலாமா, டிவியா, பாட்டா, வேற ஏதாவதா?” வேண்டியது வரும்போது பிள்ளை கண்ணை மூடித் திறக்கும். கருவிகள் செய்யும் வரிசைத் தேடலை இங்கே மனிதர் செய்கிறார். ‘வேற ஏதாவது’ அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் நாம் நினைத்ததை மட்டும்தான் அவளால் கேட்க முடியும்.

அடுத்துதான் ஸ்விட்ச், அதாவது உடம்பின் ஒரே ஓர் அசைவால் கருவியை இயக்கும் பொத்தான். உடம்பில் எந்த இடத்தை அவளால் நினைத்தபோது அசைக்கவும், நினைத்தபோது நிறுத்தவும் முடிகிறது? அழுத்துவதை எல்லாரும் பார்ப்பார்கள். விடுவதை யாரும் பார்ப்பதில்லை. தசை இறுக்கம் உள்ள பிள்ளை அழுத்திய கையை எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். கை என்றால் கைதான் என்று நாம் பிடிவாதமாக இருக்கிறோம். தாடை, முழங்கால், தலையின் பக்கவாட்டு, பாதத்தின் ஓரம் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். காலையில் ஒரு தடவை, தளர்ந்துபோன சாயங்காலத்தில் ஒரு தடவை. இறக்குமதி ஸ்விட்ச்களின் விலை ஆயிரங்களில் இருக்கிறது. சோதித்துப் பார்ப்பதற்கு அது தேவையே இல்லை. காலிங் பெல் பொத்தானை ஒரு பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே பொருத்தி, 3.5 மி.மீ. பின் வைத்துச் சால்டர் செய்தால் போதும். பேட்டரி பொம்மை என்றால் பேட்டரிக்கும் முனைக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய அட்டையின் இரு பக்கமும் செம்புத் தகடு ஒட்டிச் செருகி மின்னோட்டத்தைத் தடுத்து, அந்த இரண்டு தகடுகளில் இந்த ஸ்விட்சை இணைக்கலாம். எலக்ட்ரீஷியன் கடைப் பையன் செய்து தருவான். பொம்மை ஓடியதும் தன்னால்தான் ஓடியது என்று பிள்ளைக்குத் தெரிகிறதா, நின்றதும் மறுபடி ஸ்விட்சைத் தேடுகிறதா? அந்தத் தேடல்தான் எனக்குத் தேவையான தகவல்.

பார்வையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண் நன்றாக இருந்து, மூளையின் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பலர். சிவப்பு, மஞ்சள் போன்ற அழுத்தமான நிறங்கள் அவர்களைச் சட்டென்று ஈர்க்கும். பொருள்கள் நெருக்கமாக இருந்தால் எல்லாம் கலங்கிவிடும். சிலர் பொருளைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் எடுப்பார்கள். கறுப்புத் துணியின் மேல் ஒரே ஒரு மஞ்சள் பந்தை வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். இது தெரியாமல் முப்பது சின்னப் படங்கள் நிறைந்த திரையைக் கண்முன் வைத்தால், அது அவர்களுக்கு வெறும் வெளிச்சம். கண்ணசைவுக் கருவியை வாங்கிவிட்டு வருத்தப்படும் வீடுகளில் பெரும்பாலும் இந்தப் பரிசோதனை நடந்திருக்காது.

இவ்வளவுக்கும் பிறகு கருவி. சென்னையில் கதை ஒன்றும் மோசமில்லை. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக இயங்கும் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து அஜித் நாராயணன் உருவாக்கிய, படத்தைத் தொட்டால் பேசும் ‘ஆவாஸ்’ 2010 வாக்கில் தனிக் கருவியாக வந்து, பின்னர் செயலியாக மாறியது. அதில் தமிழும் உண்டு. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. கடலூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ அங்கே போய்வருவது, கழுத்து நிற்காத பிள்ளையோடு என்றால், தனிப் பயணக் கதை. அமெரிக்காவில் மாநிலம்தோறும் கருவிகளை இரவல் தரும் திட்டம் உண்டு. வாங்கும் முன் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். நம் மாவட்டங்களுக்கு முதலில் தேவை இப்படி ஒரு இரவல் அலமாரி என்று நான் நினைக்கிறேன். புதிய கருவி வாங்கும் திட்டங்கள் அதற்குப் பிறகு வரலாம்.

எந்தக் கருவியானாலும் அதில் என்ன வார்த்தைகள் இருக்கின்றன என்று பாருங்கள். தண்ணீர், பாத்ரூம், சாப்பாடு என்று மூன்று படத்தோடு முடிந்துபோகும் பலகைகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு வசதியான பலகை. ‘பிடிக்கல’, ‘இன்னும்’, ‘போதும்’, ‘நீ போ’, ‘என்ன அது?’ இவையெல்லாம் எங்கே? தங்கச்சியோடு சண்டை போட ஒரு வார்த்தை வேண்டாமா? திரையில் பனிமனிதனும் சாண்ட்விச்சும் இருந்து என்ன பயன், அவள் தினமும் பார்ப்பது ஆட்டுக்குட்டியையும் மினி பஸ்ஸையும் என்றால்? போட்டோ எடுத்துப் போடச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிள்ளையின் கையைப் பிடித்தோ, எழுத்துப் பலகையைத் தானே தூக்கிப் பிடித்தோ ‘அவள் எழுதினாள்’ என்று காட்டுபவர்கள் நம் பக்கமும் வருகிறார்கள். கவிதைகூட வரும். அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கம் 2018-இல் இந்த முறைகள் வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது, ஏனென்றால் சொல்வது பிள்ளையா பிடித்திருப்பவரா என்று பிரிக்க முடியாது. பெற்றோரின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே இன்னொருவரின் குரல் அவள் வாயில் வைக்கப்படுகிறது. சோதிப்பது எளிது: உதவுபவருக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளைக்கு மட்டும் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

சரி, கருவி வந்தும் மூலையில் கிடப்பதைப் பற்றி. 1993-இல் பிலிப்ஸ், ஜாவோ என்ற இருவர் அமெரிக்காவில் 227 பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், 29.3 சதவீதக் கருவிகள் முழுக்கக் கைவிடப்பட்டிருந்தன. முக்கியக் காரணங்களில் ஒன்று, தேர்வு செய்யும்போது பயன்படுத்துபவரைக் கேட்காதது. இன்னொன்று என்னை யோசிக்க வைத்தது: கருவி சுலபமாகக் கிடைத்துவிடுவது. எதிரே நின்று ஒருவர் நீட்டினால் வாங்கிக்கொள்கிறோம். முகாமும் அப்படித்தானே? பேசத் தெரிந்த பெரியவர்களையே கேட்கவில்லை என்றால் பேச்சில்லாத பிள்ளையை யார் கேட்டிருப்பார்கள்?

அதனால் என் அறிக்கைகளில் கருவியின் பெயர் கடைசிப் பக்கத்தில்தான் வரும். முதல் பக்கத்தில், காலை டிபன் நேரத்தில் இரண்டு பொருளில் ஒன்றைக் கண்ணால் தேர்ந்தெடுப்பாள், அம்மா பத்து வினாடி காத்திருப்பார் என்கிற மாதிரி இருக்கும். யார், எங்கே, எப்போது என்று எழுதாத எதையும் யாரும் செய்யப் போவதில்லை. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால், போன் செயலியைப் பரிந்துரைப்பது வீண்வேலை. அட்டையில் ஒட்டிய படம் இரவு வரை வீட்டில் இருக்கும்.

இன்னொன்று, அறிக்கையில் மறுமதிப்பீட்டுக்குத் தேதி கேட்டு வாங்குங்கள். பிள்ளை வளர்கிறது, போன வருடம் பொருந்திய நாற்காலி இந்த வருடம் முதுகை வளைக்கும். ஒரு தடவை வாங்கியாச்சு, மூன்று வருடம் கழித்து வாருங்கள் என்று சிலர் திருப்பி அனுப்புவார்கள். ஏ.டி.ஐ.பி. விதியில் பெரியவர்களுக்குத்தான் அந்த மூன்று ஆண்டு இடைவெளி. 12 வயதுக்குக் கீழே இருந்தால் ஓராண்டு போதும். பழைய நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.